மீனைக் கொன்னது யாரு?

பேட்டையில் இந்துக் கல்லூரி பக்கம் ரூம் எடுத்திருக்கும் மக்களே! சனிக்கிழமை மீன் தொட்டியைப் பளபளன்னு கழுவினீங்க. ஞாயித்துக்கிழமை கோல்டு ஃபிஷ் எல்லாம் மிதக்குதா? கடைக்காரரிடம் சண்டைக்குக் கிளம்பாதீங்க. எப்போ, எப்படிச் செத்ததுன்னு முதல்ல பாருங்க.

தண்ணி மாத்தின சில மணி நேரத்தில் மொத்தமா காலியா? சந்தேகம் குளோரின் மேலதான். தாமிரபரணித் தண்ணியே ஆனாலும், குழாயில் குளோரினோடுதான் வரும். நமக்கு நல்லது, மீனின் செவுளுக்கு எமன். வாளியில் பிடிச்சு ஒரு நாள் திறந்து வெச்சு ஊத்துங்க.

புதுத் தொட்டியில் தினம் ஒண்ணா சாகுதா? அது அம்மோனியா. மீன் கழிவிலும் மிச்ச இரையிலும் உருவாகும் விஷம். தண்ணி கண்ணாடி மாதிரி இருந்தாலும் நம்பாதீங்க. அதைத் தின்னு தீர்க்கும் பாக்டீரியா ஃபில்டரில் பெருக நாலஞ்சு வாரமாகும். ஃபில்டர் பஞ்சைச் சோப்புப் போட்டுக் கசக்கினா அத்தனையும் அவுட்! தொட்டித் தண்ணியிலேயே அலசினா போதும்.

விடியக்காலையில் வாயைப் பிளந்துகிட்டு மேலே வருதா? ராத்திரி கரன்ட் போய் ஏர் பம்ப் நின்னிருக்கும். அப்பவும் ஃபைட்டர் மட்டும் ஜம்முனு திரியும். அவர் மேலே வந்து காத்தை நேரா சுவாசிக்கிற ஆளு!

கடைசியா, கொசுவுக்கு மாட்டின லிக்விட். அதில் இருக்கும் பைரெத்ராய்டு மீனுக்கு ஆகவே ஆகாது. ஏர் பம்ப் அந்தக் காத்தையும் இழுத்துத் தண்ணிக்குள்ளே விட்டுடும். ராத்திரிக்குக் கொசுவலை கட்டிக்குங்க பாஸ்.