பழைய காருக்கு ஒரு கட்டுச்சோறு

நெடுந்தூரம் போகிறவர்கள் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு புறப்படுவது நம் நாட்டுப் பழைய வழக்கம். வழியில் சத்திரம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இருந்தாலும் நாம் போய்ச் சேரும் நேரத்தில் உலை அணைந்திருக்கலாம். இதே முன்யோசனைதான் இங்கிலாந்தில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களுக்கும் இருக்கிறது. அவர்கள் கட்டுகிற மூட்டையில் சோற்றுக்குப் பதிலாக ஸ்பானரும் பெல்ட்டும் சி.பி. பாயிண்ட்டும் இருக்கும். அந்த மூட்டையில் எதை வைப்பது, எதை விடுவது என்பது நினைப்பதைவிடக் கடினமான கேள்வி. அதைப் பற்றி எழுதவே இங்கு முனைகிறேன்.

நான் எடுத்துக்கொண்டிருக்கும் வண்டி டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர். 1962 முதல் 1980 வரை கோவென்ட்ரி நகரில் செய்யப்பட்ட, இரண்டே பேர் அமரக்கூடிய, கூரை திறந்த சிறிய கார். இத்தாலியரான ஜொவான்னி மிக்கெலோட்டி வடிவமைத்தது. இது நமக்கு முற்றிலும் அந்நியமான வண்டி அன்று. டிரையம்ஃப் ஹெரால்டு என்னும் காரின் அடிச்சட்டத்தைக் குறுக்கி, அதன்மேல் எழுப்பப்பட்டதே ஸ்பிட்ஃபயர். அதே ஹெரால்டுதான் 1961 முதல் 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்ற பெயரில் சென்னையில் செய்யப்பட்டு நம் சாலைகளில் ஓடியது. ஆக, ஸ்பிட்ஃபயரை நம் ஹெரால்டுக்குச் சிற்றப்பா மகள் எனலாம். இங்கிலாந்தில் வாழும் என் தாய்மாமன் 1976ஆம் ஆண்டு ஸ்பிட்ஃபயர் 1500 ஒன்றை இன்னும் ஓட்டுகிறார். அவரோடு சேர்ந்து அதன் டிக்கியைப் பலமுறை காலி செய்தும் அடுக்கியும் பார்த்தவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

முதலில் இடத்தைப் பார்ப்போம். ஸ்பிட்ஃபயரின் டிக்கி மிகச் சிறியது. இருக்கைகளுக்கும் டிக்கிக்கும் நடுவே பெட்ரோல் டாங்க் சுவர்போல நிற்கிறது. டிக்கியின் தரையில் ஸ்டெப்னி படுத்திருக்கிறது. (ஸ்டெப்னி என்று நாம் வழங்கும் சொல், வேல்ஸ் நாட்டு லனெல்லி ஊரின் ஸ்டெப்னி தெருவிலிருந்து வந்தது. 1904இல் அங்கே ஒரு கடையில்தான் அப்பெயர் கொண்ட மாற்றுச் சக்கரம் பிறந்தது. இங்கிலாந்தில் இச்சொல்லை மறந்துவிட்டார்கள். நம் ஊர் லாரி டிரைவர்கள் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்.) ஸ்டெப்னிக்கு மேலே இரண்டு சிறிய பைகள் வைத்தால் டிக்கி நிறைந்துவிடும். அதனால் கூட்டிக்கொள்ளும் ஒவ்வொரு ஸ்பானருக்கும் ஒரு சட்டையையோ செருப்பையோ விட்டுக்கொடுக்க வேண்டும். மாமா ஸ்பானர் பக்கம். என் அத்தை சட்டைப் பக்கம். இந்த வழக்கு இன்னும் தீரவில்லை.

இவ்வகைக் கார் வைத்திருப்போரில் இரண்டு கட்சி உண்டு. ஒரு கட்சியினர் பட்டறையையே பெயர்த்து எடுத்துச் செல்வார்கள். தண்ணீர் பம்பு, டைனமோ, ஸ்டார்ட்டர் மோட்டார் என்று அவர்கள் டிக்கி பழைய இரும்புக் கடைபோல் இருக்கும். மற்றக் கட்சியினர் கையில் தொலைபேசியோடு புறப்படுவார்கள். வண்டி நின்றால் உதவிச் சங்கத்தைக் கூப்பிட்டால் போயிற்று என்பது அவர்கள் வாதம். இங்கிலாந்தில் ஏ.ஏ. என்னும் மோட்டார் சங்கம் 1905இலேயே தொடங்கப்பட்டது. இன்றும் அதன் ஊழியர் சாலைக்கே வந்து வண்டியைப் பார்க்கிறார். ஆகையால் இரண்டாவது கட்சியின் வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது.

ஆனால் அந்த ஊழியர் வருகிறார் என்றே வைத்துக்கொள்வோம். அவரிடம் நல்ல ஜாக் இருக்கும், சுத்தியல் இருக்கும், பாட்டரிக்கு உயிர் கொடுக்கும் கம்பியும் இருக்கும். 1976ஆம் ஆண்டுக் காரின் ரோட்டர் இருக்குமா? இராது. அவர் வந்து, குற்றத்தைக் கண்டுபிடித்து, 'இந்தச் சாமான் என்னிடம் இல்லை' என்று சொல்லி வண்டியை லாரியில் ஏற்றுவார். பயணம் அங்கேயே முடிந்துவிடும். எனவே என் கருத்து இதுதான்: சாலையில் எவரும் இரவல் தரக்கூடியதைச் சுமக்க வேண்டாம், எவரும் தர முடியாததைக் கட்டாயம் சுமக்க வேண்டும். இந்த அளவுகோலை வைத்துக்கொண்டால் மூட்டை வியக்கும்படி சிறிதாகிவிடுகிறது.

அதில் முதலிடம் தீப்பொறி தரும் உறுப்புகளுக்கு. பழைய கார்கள் வழியில் நிற்பது பெரும்பாலும் இவற்றால்தான். இதன் இயக்கம் அறியாத நண்பர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். பாட்டரியிலிருந்து வரும் 12 வோல்ட் மின்சாரத்தைக் காயில் பல்லாயிரம் வோல்ட்டாக உயர்த்துகிறது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் சி.பி. பாயிண்ட் என்னும் சிறு கதவு ஒவ்வொரு முறை திறக்கும்போதும் ஒரு பொறி பிறக்கிறது. பாயிண்ட்டின் முகம் தீய்ந்து போகாமல் கண்டென்சர் காக்கிறது. பிறந்த பொறியை எந்தச் சிலிண்டருக்கு அனுப்புவது என்று, நடுவில் சுற்றும் ரோட்டர் பங்கிடுகிறது. நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3000 முறை சுற்றினால், அந்தச் சிறு கதவு நிமிடத்துக்கு 6000 முறை, அதாவது விநாடிக்கு 100 முறை, திறந்து மூட வேண்டும்! அது தேய்வதில் வியப்பில்லை. இத்தனை நாள் தேயாதிருப்பதே வியப்பு.

பாயிண்ட், கண்டென்சர், ரோட்டர் மூன்றும் சேர்ந்து ஒரு தீப்பெட்டிக்குள் அடங்கிவிடும். இவற்றுள் ஒன்று கெட்டாலும், கியர்பாக்ஸ் உடைந்தது போலவே வண்டி அசையாமல் நின்றுவிடும். எடைக்கு எடை பார்த்தால் இவற்றைவிட விலைமதிப்புள்ள பண்டம் அந்த டிக்கியில் வேறில்லை. பாயிண்ட்டை இறுக்கும் திருகு ஒன்றையும் கூடவே போட்டுக்கொள்ள வேண்டும். இருட்டில், குளிரில், விறைத்த விரல்களிலிருந்து அது நழுவி டிஸ்ட்ரிபியூட்டருக்குள் விழுவது அவ்வளவு உறுதி. பாயிண்ட்டின் இடைவெளி அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு. அதை அளக்க ஃபீலர் கேஜ் வேண்டும். அது இல்லாவிட்டால் ஒரு விசிட்டிங் கார்டின் கனம் ஏறக்குறைய அதற்கு ஈடாகும், வீடு வந்து சேரலாம்.

இங்கே எனக்குப் புதிதாக இருந்த ஒரு செய்தியையும் சொல்ல வேண்டும். உதிரி உறுப்பு என்றால் உறை பிரிக்காத புதியது என்றே எண்ணுவோம். மாமாவின் பெட்டியில் இருப்பவை எல்லாம் பழையவை! கடையில் புதிதாக வாங்கியவற்றை வண்டியில் பொருத்தி, சில நூறு மைல் ஓட்டிப் பார்த்து, அதன்பின் கழற்றிப் பெட்டியில் வைக்கிறார். காரணம் உண்டு. அசல் உறுப்புகளைச் செய்வது நின்று பல ஆண்டுகள் ஆகின்றன. இப்போது சந்தையில் கிடைக்கும் போலிகளுள் பல தரம் குறைந்தவை. சில ரோட்டர்களில் பித்தளைத் தகட்டைப் பிடிக்கும் ஆணி பிளாஸ்டிக்கின் ஊடே இறங்கியிருக்கும். அதன் வழியாகப் பொறி, போக வேண்டிய இடத்தை விட்டு நடுத்தண்டுக்கு ஒழுகிவிடும். அவர் ஒரு கடையில் வாங்கிய புது ரோட்டர் இப்படித்தான் 40 மைலில் உயிரை விட்டதாம். சோதிக்காத புதியதைவிடச் சோதித்த பழையது மேல். பாயிண்ட்டை எடுத்துவிட்டு மின்னணுக் கருவி பொருத்தியவர்களும் பழைய பாயிண்ட்டைத் தூக்கி எறிவதில்லை. மின்னணுக் கருவி கெட்டால் சாலையோரத்தில் அதை எவராலும் சீர்செய்ய முடியாதன்றோ?

காயில் சற்றுப் பருமனானது. ஆனாலும் ஒன்று வைத்துக்கொள்ளலாம். இருபது நிமிடம் நன்றாக ஓடி, சூடேறியதும் நின்று, ஆறியபின் மறுபடி கிளம்பி மனிதனைப் பைத்தியமாக்கும் நோய் பெரும்பாலும் காயிலுடையது. ஸ்பிட்ஃபயர் 1500இல் மின்தடைக் கம்பியோடு சேர்ந்து வேலை செய்யும் தனி வகைக் காயில் உண்டு. அதற்குப் பொருந்துவதையே வைக்க வேண்டும்.

அடுத்தது பெல்ட். தண்ணீர் பம்பையும் மின்சாரம் தரும் ஆல்ட்டர்னேட்டரையும் சுழற்றுவது ஒரே பெல்ட்தான். அது அறுந்தால் சில மைல்களுக்குள் எஞ்சின் கொதித்துவிடும். பெண்களின் நைலான் காலுறையைப் பெல்ட்டாகக் கட்டி ஊர் சேர்ந்ததாக அந்நாட்டில் கதைகள் உண்டு. பெல்ட் ஒன்று வைத்துக்கொள்வது மானத்துக்கு நல்லது. ரேடியேட்டரின் மேல் ஹோஸ், கிளிப்கள் சில, இரண்டடி பெட்ரோல் குழாய் ஆகியவையும் வேண்டும். இந்தக் கடைசிப் பொருளின் தேவை அண்மையில் கூடியிருக்கிறது. 2021 செப்டம்பர் முதல் பிரிட்டனில் சாதாரணப் பெட்ரோலில் 10 விழுக்காடு வரை எத்தனால் கலக்கிறார்கள். பழைய ரப்பருக்கு அது ஆகாது. குழாய் வெடித்துக் கசியும், பெட்ரோல் பம்பின் சவ்வும் கெடும். பம்பு இரண்டு நட்டுகளில் கழன்றுவிடும் என்பதால், தூரப் பயணத்துக்கு மாற்றுப் பம்பு ஒன்றையும் மாமா வைத்துக்கொள்கிறார். ஃப்யூஸ், பல்பு, ஆக்ஸிலேட்டர் கேபிள், இன்சுலேஷன் டேப், கட்டுக்கம்பி பற்றி விரிவாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு கைக்குட்டையில் முடிந்துகொள்ளலாம்.

இனி ஸ்பானர். இரவல் கிடைக்கக்கூடியதைச் சுமக்க வேண்டாம் என்றேன். ஸ்பானர் அந்த விதிக்குள் வராது. இந்த வண்டியின் நட்டுகள் அங்குல அளவில் உள்ளவை. இன்றைய பட்டறைகளில் இருப்பதோ மில்லிமீட்டர் ஸ்பானர். அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர், 13 ஸ்பானர் ஒருவாறு பிடிக்கும். ஆனால் 7/16 அங்குலம் 11.1 மில்லிமீட்டர், 11 ஸ்பானர் நுழையாது, 12 போட்டால் நட்டின் முனை மழுங்கும். 9/16க்கு 14 நுழையாது, 15 வழுக்கும். ஆகவே 7/16, 1/2, 9/16, 5/8 என்று நான்கு ஸ்பானர்கள், பிளக் ஸ்பானர், இரண்டு திருப்புளி, ஒரு கட்டிங் பிளேயர், மின்சாரம் வருகிறதா என்று பார்க்க ஒரு டெஸ்ட் லாம்ப், ஒரு டார்ச் ஆகியவை போதும். ஸ்பிட்ஃபயரின் முன்பாகம் முழுவதும் பானெட்டாக முன்னோக்கிக் கவிழ்ந்துவிடும்; முன் டயர்மீது உட்கார்ந்தே எஞ்சினில் வேலை பார்க்கலாம். இந்த வசதி இருப்பதால்தான் சாலையோரப் பழுதுபார்ப்பு இதில் பேச்சளவில் நின்றுவிடவில்லை.

எதை வைத்தும் பயனில்லாத பழுதுகளும் உண்டு. முன் சக்கரங்களைத் தாங்கும் டிரனியன் என்னும் பித்தளை மூட்டு அத்தகையது. ஹெரால்டிலும் இதுவே இருந்தது. இதற்குக் கிரீஸ் அன்று, கெட்டியான கியர் எண்ணெயே ஊட்ட வேண்டும். எண்ணெய் காணாத டிரனியன் முறிந்தால் சக்கரம் காலை மடக்கிக்கொள்ளும். வேகத்தில் போகும்போது நேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. இதற்கு உதிரி உறுப்பை டிக்கியில் சுமப்பது வீண். புறப்படுவதற்கு முந்தின வாரம் எண்ணெய்ப் பீச்சியோடு வண்டிக்கு அடியில் படுக்க வேண்டியதுதான். பிரேக்கும் அப்படியே.

அடுக்குவதிலும் ஒரு முறை உண்டு. ஸ்டெப்னி டிக்கியின் அடியில் இருப்பதால், பஞ்சர் ஆனால் பைகளை எல்லாம் ஈரப் புல்லில் இறக்க வேண்டும், அதற்கு மாற்றில்லை. ஆனால் ஒரு பாயிண்ட் மாற்றுவதற்காகவும் பைகளை இறக்கக் கூடாது. எனவே ஜாக்கும் வீல் ஸ்பானரும் ஸ்டெப்னியைச் சுற்றிய பள்ளத்திலும், பெல்ட்டும் ஹோஸும் சக்கரத்தின் குழியிலும், கருவிகளும் தீப்பெட்டிச் சாமான்களும் துணிச் சுருளில் இருக்கைக்குப் பின்னாலும் இருக்க வேண்டும். கான்வாஸ் துணியில் வரிசையாகப் பைகள் தைத்துப் பாய்போல் சுருட்டினால் இரும்போடு இரும்பு மோதிச் சத்தமிடாது. விரித்தால் ஈரத்தரையில் மண்டியிடவும் ஆகும். டிக்கியில் கனமான இரும்பைக் கட்டாமல் விடக் கூடாது. முன்னால் நிற்பது பெட்ரோல் டாங்க் என்பதை மறக்கலாகாது. பிரேக் எண்ணெய்ப் புட்டியைத் தனியே ஒரு டப்பாவில் வைக்க வேண்டும். ஒழுகினால் பெயிண்டைத் தின்றுவிடும்.

இவ்வளவு சுமந்தும், பயன்படுத்தக் கூடாத இடம் ஒன்று உண்டு. பிரிட்டனின் மோட்டார்வே எனப்படும் பெருஞ்சாலைகளில் வண்டி நின்றால் சிறு பழுதையும் தானே பார்க்கக் கூடாது, எச்சரிக்கை முக்கோணமும் வைக்கக் கூடாது, இறங்கித் தடுப்புக்கு அப்பால் நிற்க வேண்டும் என்கிறது அந்நாட்டுச் சாலை விதிநூல். லாரிகள் பறக்கும் சாலையின் ஓரத்தில் குனிந்து பாயிண்ட் மாற்றுவது வீரமன்று. அதனால் மாமா பயண வழியைக் கூடியமட்டும் கிராமச் சாலைகளிலேயே போட்டுக்கொள்கிறார்; கூரை திறந்த காருக்கு அதுவே அழகும்கூட.

துணிச் சுருளின் உள்மடிப்பில் ஒரு காகிதம் ஊக்கால் குத்தப்பட்டிருக்கிறது. என்ன இருக்கிறது, எந்தத் தேதியில் வண்டியில் சோதித்தது, எது பயன்பட்டுப் போனது என்று அதில் மாமாவின் கையெழுத்தில் பதிந்திருக்கிறது. கடைசி வரியில் மட்டும் அத்தையின் கையெழுத்து: 'குடை – 2.'