கவவு: பயற்றில் விளையும் இனிப்பு

தாசேக் கெலுகோர் என்னும் ஊர்ப்பெயரைப் பிரித்துப் பார்த்தால் ஏரி ஒன்றும் புளிப்பு மரம் ஒன்றும் கிடைக்கும். 'தாசேக்' என்பது ஏரியைக் குறிக்கும் மலாய்ச் சொல். இன்று 'தாசிக்' என்று வழங்குகிறது. 'கெலுகோர்' என்பது, சீவி உலர்த்திப் புளியாகக் குழம்பிலிடும் கனியைத் தரும் மரத்தின் பெயர். பினாங்கு மாநிலத்தின் வட செபராங் பிறையில், இருப்புப்பாதை ஓரமாக அமைந்த இவ்வூரின் பெயரில் புளிப்பு இருக்கலாம்; இங்கு வாழும் நம்மவரின் விருந்தில் மேலோங்கி நிற்பது என்னவோ இனிப்புத்தான். தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பானாலும், கோயில் திருவிழாவானாலும், பள்ளியின் பெற்றோர் கூட்டமானாலும் முதலில் நீளும் தட்டு இனிப்புத் தட்டே.

அந்தத் தட்டைப் பற்றி நாம் சற்று எண்ணிப் பார்க்கவேண்டிய காலம் வந்துவிட்டது. 2019-ஆம் ஆண்டில் நடந்த தேசிய உடல்நல ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தோரில் நூற்றுக்கு 18.3 பேருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களை மட்டும் தனியே எடுத்துக்கொண்டால் அத்தொகை 31.4. நம் வீடுகளில் வளர்ந்தோர் மூவர் கூடினால் அவருள் ஒருவர் நீரிழிவுடையர் என்பது இதன் பொருள். எனினும் 'இனிப்பையே விடுக' என்று சொல்வது எளிது, நடப்பது அரிது. விருந்தினரை இன்சொல்லாலும் இன்சுவையாலும் வரவேற்பது நம் மரபு. ஆகவே, இனிப்பை விலக்காமல் அதன் தீமையைக் குறைக்கும் வழி உண்டா என்று தேடுவதே அறிவுடைமை. வழி உண்டு. அது நம் பழம் பாட்டொன்றிலேயே குறிக்கப்பட்டிருக்கிறது என்பதைத் தமிழாசிரியர்கள் அறிந்தால் மகிழ்வார்கள்.

மதுரை அங்காடியில்

பத்துப்பாட்டுள் நீண்டது மதுரைக்காஞ்சி. தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியனை மாங்குடி மருதனார் பாடியது. அதில் மதுரையின் இரவுக் காட்சி யாமம் யாமமாக விரிகிறது. அங்கே அப்ப வணிகர்களாகிய கூவியர், தாம் செய்த பண்டங்களோடு அமர்ந்தபடியே உறங்கிவிடுகின்றனர். அவர்கள் விற்ற பண்டங்களுள் ஒன்று மோதகம். அது 'கவவு' உடையது என்கிறார் புலவர்.

கவவு என்பது யாது? அகத்திடுதலை உணர்த்தும் சொல் அது என்று தொல்காப்பிய உரியியல் கூறும். ஒன்றனை உள்ளே வைத்து மூடுதல், அணைத்தல் என்று அதன் பொருள் விரியும். சிலப்பதிகாரக் கானல்வரியில் கோவலன் மாதவியிடமிருந்து நெகிழ்த்துக்கொள்ளும் கை 'கவவுக்கை' எனப்படுகிறது. அணைக்கும் கைக்கு வந்த அதே சொல்லை மாவுக்குள் பொதிந்த இனிப்புக்கும் நம் முன்னோர் வழங்கினர். நாம் இன்று பூரணம் என்கிறோமே, அதன் பழந்தமிழ்ப் பெயர் இதுவே.

அந்தக் கவவு எதனால் ஆயது என்று பாட்டு விரித்துரைக்கவில்லை. உரையெழுதிய நச்சினார்க்கினியர் பருப்பும் தேங்காயும் உள்ளீடு என்றும், சருக்கரை கூட்டிப் பிடிக்கப்பட்டது என்றும் விளக்குகிறார். பாட்டின் காலத்துக் கவவு எதுவாயினும், உரையாசிரியர் காலத்திலேனும் பருப்பு இனிப்பாகிவிட்டது என்பதில் ஐயமில்லை. இன்றைய சுகியத்தையும் பருப்புக் கொழுக்கட்டையையும் போளியையும் பிட்டுப் பார்த்தால் உள்ளே இருப்பது அதே பருப்பும் அதே தேங்காயும்தான்.

அண்டை வீட்டுப் பயறு

பயற்றை இனிப்பாக்கியவர் நாம் மட்டும் அல்லேம். பினாங்கில் வாழ்வோர்க்கு இதனை எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. மலாய்க்காரர் பச்சைப் பயற்றைத் தேங்காய்ப் பாலும் பனைவெல்லமும் சேர்த்துக் கஞ்சியாகக் காய்ச்சுவர். அது 'புபுர் காச்சாங் ஹீஜாவ்'. பினாங்குச் செண்டோலில் சிவப்பு அவரை மிதக்கும். சீனர் செய்யும் 'தௌ சார் பியா' என்னும் சிறு பிஸ்கோத்தின் உள்ளே மசித்த பாசிப்பருப்பு இருக்கும். 'தௌ' என்றால் அவரையினம். 'சார்' என்றால் மணல். மணல்போல் பொலபொலவென்று மசிந்த பயறு என்று அவர்கள் கண்ணால் கண்டு பெயரிட்டனர். உள்ளே வைத்து அணைக்கப்பட்டது என்று நாம் செயலால் பெயரிட்டோம். யாழ்ப்பாணத்தாரோ வறுத்த பயற்றமாவைப் பாகில் பிசைந்து உருட்டிப் பயற்றம் பணியாரம் செய்தனர்.

மேனாட்டார்க்குப் பயறு உப்புக்கும் உறைப்புக்கும் உரியதாகவே நெடுங்காலம் இருந்தது. மேற்காசியாவில் கொண்டைக்கடலையை அவித்து, எள் விழுதும் எலுமிச்சையும் பூண்டும் கூட்டி மசித்து, ரொட்டியைத் தொட்டு உண்பர். அதனை உலகம் 'ஹம்மஸ்' என்கிறது. அரபு மொழியில் அச்சொல்லுக்குப் பொருள் கொண்டைக்கடலை என்பதே. அண்மைக் காலத்தில் அமெரிக்காவில் இதே மசியலில் பூண்டை நீக்கிப் பேரீச்சம்பழத்தையும் கொக்கோவையும் சேர்த்து, பழத்துண்டைத் தொட்டு உண்ணும் இனிப்பாக மாற்றியிருக்கின்றனர். ஓவனில் சுடாத பிஸ்கோத்து மாவைப் பச்சையாகவே தின்னும் வழக்கம் அங்கே சிறுவரிடம் உண்டு. பச்சை முட்டையாலும் பச்சைக் கோதுமை மாவாலும் நோய் வருவதுண்டு. 2016-இல் பச்சை மாவிலிருந்த கிருமியால் அந்நாட்டில் பலர் நோயுற்றனர். அந்த மாவின் சுவையை ஆபத்தின்றித் தர, வெந்த கடலை உதவிற்று. புதுமை என்று கொண்டாடப்படும் இப்பண்டம், மேல்மாவு நீங்கிய நம் கவவே அன்றோ?

செய்யும் முறை

கொண்டைக்கடலையை மலாய்க்காரர் 'காச்சாங் கூடா', அதாவது குதிரைக்கடலை, என்பர். வெள்ளைக் கொண்டைக்கடலை 200 கிராம் எடுத்துக்கொள்க. நிறைய நீரில் முதல்நாள் இரவே ஊறவைக்க. காலையில் அந்நீரை முற்றும் கொட்டிவிடவேண்டும். வயிற்றில் காற்றை உண்டாக்கும் ஒருவகைச் சருக்கரைப் பொருள்களிற் சில அந்நீரில் கரைந்திருக்கும். புதுநீர் விட்டு, குக்கரில் நன்றாகக் குழைய வேகவைக்க. சுண்டலுக்கு வேகும் பதம் இதற்குப் போதாது. விரல்கள் இரண்டுக்கிடையே அழுத்தினால் வெண்ணெய்போல் நசுங்கவேண்டும். வெந்த கடலை ஏறத்தாழ 450 கிராம் இருக்கும்.

வெந்ததைக் குளிர்ந்த நீரில் இட்டு உள்ளங்கைகளால் மெல்லத் தேய்த்தால் தோல் கழன்று மிதக்கும். இந்த வேலையைச் செய்தால் மசியல் வழவழப்பாகும். செய்யாவிட்டால் நாவில் சிறிது நரநரக்கும், ஆனால் நார்ச்சத்து மிகும். அவரவர் விருப்பம் போலச் செய்க.

கொட்டை நீக்கிய சிறு பேரீச்சம்பழம் 10, அதாவது 70 கிராம் அளவு, வெந்நீரில் அரைமணி ஊறட்டும். வறுத்துத் தோல் நீக்கிய வேர்க்கடலை 50 கிராமை மிக்சியில் தனியே அரைத்தால் சிறிது நேரத்தில் அதன் எண்ணெயே வெளிப்பட்டு விழுதாகும். அதனோடு பேரீச்சையையும் கடலையையும் சேர்த்து, பேரீச்சை ஊறிய நீரைச் சிறிது சிறிதாக விட்டு அரைக்க. ஏலக்காய்ப் பொடியும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்க்க. இறுதியில் இரண்டு கரண்டி தேங்காய்த் துருவலைக் கலக்கலாம். உப்பை மறவற்க: இனிப்பை எடுத்துக் காட்டுவதும் பயற்றின் பச்சை மணத்தை அடக்குவதும் அதுவே. வேர்க்கடலை ஒவ்வாத குழந்தை ஒன்றேனும் இருக்கும் வகுப்பில் அதனை அறவே விட்டுவிடுக.

தொட்டுக்கொள்ள நம் ஊர்ச் சந்தையிலேயே பொருள் உண்டு. கொய்யாத் துண்டு, ஜம்பு, பேரிக்காய், ரோஜாக்கில் இடும் 'செங்குவாங்' கிழங்கு ஆகியவை நன்கு பொருந்தும். இனிப்பு பிஸ்கோத்தைத் தொட்டு உண்டால் இவ்வளவு பாடும் வீணாகும்.

வெந்நிலமாகிய இந்நாட்டில் மசியலை மேசைமேல் இரண்டு மணிநேரத்துக்கு மேல் வைத்தல் ஆகாது. குளிர்ப்பெட்டியில் மூன்று நாள் தாங்கும். தேங்காய் கலந்தால் அன்றன்றைக்கே உண்டு முடித்தல் நன்று.

கணக்குப் பார்ப்போம்

மேற்சொன்ன அளவில் கிடைப்பதை 12 பங்காக்கினால் ஒரு பங்கு ஏறத்தாழ 50 கிராம். பேரீச்சையிலிருந்து ஒரு பங்குக்கு வரும் சருக்கரை ஏறத்தாழ 4 கிராம். வழக்கமான பூரணத்தில் பருப்பும் வெல்லமும் சம எடை. 200 கிராம் பருப்புக்கு 200 கிராம் வெல்லம் இட்டு 12 பங்காக்கினால் ஒரு பங்கில் 16 கிராமுக்கு மேல் வெல்லம் வரும். நாளொன்றுக்குக் கூட்டுச் சருக்கரை 25 கிராம் அளவில் அடங்கினால் நலம் மிகும் என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் கூறியது. பழைய பூரணம் இரண்டு பங்கு உண்டாலே அந்த எல்லை கடந்துவிடும்.

'வெல்லம் சருக்கரை அன்று. அது நல்லது' என்று நம் வீடுகளில் ஒரு நம்பிக்கை உண்டு. பனைவெல்லமும் கருப்பட்டியும் மணத்தால் உயர்ந்தவை. ஆனால் அவற்றின் பெரும்பகுதி சருக்கரையே. பேரீச்சையும் அவ்வாறே இனிப்புப் பொருள்தான். இங்கே நலம் தருவது பொருளின் பெயர் மாறியதன்று. அளவு குறைந்ததே ஆகும். அளவைக் குறைத்தும் சுவை குறையாமல் இருப்பதற்கு ஏலமும் உப்பும் வறுத்த வேர்க்கடலையின் மணமும் துணை நிற்கின்றன.

பயறு செய்யும் உதவி வேறொன்று. அதன் மாவுச்சத்து உயிரணுச் சுவர்களுக்குள் அடைபட்டிருக்கிறது. உடனிருக்கும் நார்ச்சத்தும் புரதமும் செரிமானத்தைத் தாமதப்படுத்துகின்றன. ஆதலால் கோதுமை ரொட்டியோ வெள்ளை அரிசியோ உண்டபோது விரைந்து ஏறும் குருதிச் சருக்கரை, கடலை உண்டபோது மெல்லவே ஏறுகிறது. அரைக்கும்போது அச்சுவர்களிற் சில உடைவதால், முழுக் கடலையைவிட மசியல் சற்று விரைவாகச் செரிக்கும் என்பதையும் மறைக்கக்கூடாது. ஒரு பங்கில் நார்ச்சத்தையும் சேர்த்து மாவுப்பொருள் ஏறத்தாழ 15 கிராம் உண்டு. நீரிழிவுடையோர் இதனை மற்றோர் இனிப்புக்கு மாற்றாகக் கொள்ளலாமேயன்றி, மேலதிகமாகக் கொள்ளுதல் கூடாது.

ஓர் எச்சரிக்கை

கடலைக்குப் பதிலாகச் செண்டோலில் இடும் சிவப்பு அவரையைக் கொண்டு செய்ய விரும்புவோர் ஒன்றை அறிந்துகொள்ளவேண்டும். அவ்வவரை வேகாத நிலையில் நச்சுப் புரதம் ஒன்றை உடையது. நாலைந்து விதைகளே கடும் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்க வல்லவை. ஐந்து மணிநேரமேனும் ஊறவைத்து, அந்நீரைக் கொட்டி, புதுநீரில் அரைமணிநேரம் தளதளவெனக் கொதிக்கவைத்த பின்னரே மேற்கொண்டு சமைக்கவேண்டும். மெல்லிய சூட்டில் நெடுநேரம் வேகவைக்கும் மின்கலத்தில் இட்டால் அந்நஞ்சு அழியாமல் நிற்கக்கூடும். பாசிப்பருப்புக்கு இத்தொல்லை இல்லை. ஊறவைக்க நேரமில்லாதவர் அதனையே கொள்ளலாம். அது விரைவில் குழைந்து, தோல் நீக்கும் வேலையும் இன்றி மசியும்.

வகுப்பறைக்கு ஒரு கிண்ணம்

மதுரைக்காஞ்சியை வகுப்பில் நடத்தும்போது கவவு என்னும் சொல்லுக்கு 'உள்ளீடு' என்று பொருள் எழுதிப்போட்டு மேலே செல்கிறோம். மாணவர் அதனை எழுதிக்கொண்டு மறந்துவிடுகின்றனர். அன்று ஒரு கிண்ணம் பயற்று மசியலையும் சில கொய்யாத் துண்டுகளையும் மேசைமேல் வைத்துப் பாருங்கள். இச்சொல்லைத் தொல்காப்பியர் ஏன் எடுத்தார், கூவியர் மோதகத்துக்கும் கோவலன் கைக்கும் ஒரே சொல் எவ்வாறு வந்தது என்று மாணவரே வினவுவர். இரண்டாயிரம் ஆண்டு என்னும் தொலைவும் அவர்களுக்குக் குறைந்து தோன்றும்.

மற்றொரு பயனும் உண்டு. வீட்டில் நீரிழிவால் இனிப்புத் தட்டைத் தொடாமல் ஒதுங்கி அமர்ந்திருக்கும் பாட்டியோ தாத்தாவோ இல்லாத மாணவர் நம்மிடையே மிகச் சிலரே. வகுப்பில் கற்ற செய்முறையை மாணவன் வீட்டில் செய்துகாட்டினால், அளவறிந்து அவர்களும் ஒரு கரண்டி எடுத்துக்கொள்ளலாம். பண்டிகை நாளில் குடும்பத்தோடு ஒரே தட்டில் கைந்நீட்டும் உரிமை அவர்களுக்கு மீண்டும் கிடைக்கும். அகத்திட்டு அணைத்தல் என்னும் பழம்பொருள் அன்று அவ்வீட்டில் விளங்கும்.