அக்கவுன்டன்ட் வேலைக்கு சிஏ படிக்கணுமா? தகுதி என்ன, பொறுப்பு என்ன? முழு விவரம்

பி.காம் முடித்த பலரும் முதலில் தேடுவது அக்கவுன்டன்ட் வேலையைத்தான். ஆனால் அக்கவுன்டன்ட்டும் ஆடிட்டரும் ஒண்ணுதான் என்ற குழப்பம் இன்னும் பலருக்கு இருக்கிறது.

என்ன வித்தியாசம்?

நிறுவனத்துக்குள் இருந்து தினமும் கணக்கு எழுதுபவர் அக்கவுன்டன்ட். அந்தக் கணக்கு சரியா என்று வெளியிலிருந்து வந்து சோதித்து, அறிக்கையில் கையெழுத்து போடுபவர் ஆடிட்டர். கம்பெனிச் சட்டப்படி ஆடிட்டருக்கு சிஏ கட்டாயம். அக்கவுன்டன்ட்டுக்கு அப்படி இல்லை. பி.காம் படிப்போடு டேலி, எக்செல், ஜிஎஸ்டி தெரிந்திருப்பதைத்தான் நிறுவனங்கள் பெரும்பாலும் எதிர்பார்க்கின்றன.

என்ன வேலை?

பில், வவுச்சர்களைப் பதிவு செய்வது, பேங்க் ஸ்டேட்மென்ட்டோடு கணக்கை ஒப்பிடுவது, பாக்கிகளைக் கவனிப்பது. இதோடு மாதம் பிறந்தாலே கெடு தேதிகள் வரிசை கட்டும். பொதுவாக 7-ம் தேதிக்குள் டிடிஎஸ், 15-க்குள் பிஎஃப், இஎஸ்ஐ கட்ட வேண்டும். மாதந்தோறும் ஜிஎஸ்டி கணக்கு காட்டும் நிறுவனம் என்றால் 11-க்குள் ஜிஎஸ்டிஆர்-1, 20-க்குள் ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கல் செய்யணும். வரியைத் தாமதமாகக் கட்டினால் ஆண்டுக்கு 18 சதவீத வட்டி.

எதில் உஷார்?

2023 ஏப்ரல் 1 முதல், கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தமும் தேதியோடு பதிவாக வேண்டும். அந்த வசதியை அணைத்து வைக்கக் கூடாது. டேலியின் எடிட் லாகில் எந்த லாகினில் இருந்து மாற்றினார்கள் என்பதும் தெரியும். 'மேலிடத்துல சொன்னாங்க, மாத்திட்டேன்' என்றாலும் பதிவில் இருக்கப்போவது உங்க பெயர்தான். அதனால் திருத்தச் சொன்னால் இமெயிலில் எழுதி வாங்குங்க. பாஸ்வேர்டை யாருக்கும் கொடுக்காதீங்க.