கொதிக்கும் லாரி, கரையும் முதல்

நம் வியாபாரத்தில் சரக்குக்கு அடுத்தபடியாகப் பணம் போட்டு வைத்திருப்பது வண்டியில்தான். மொத்த வியாபாரிகளில் பலர் சொந்த லாரி வைத்திருக்கிறார்கள். 2005-ஆம் ஆண்டு டாடா ஏஸ் வந்த பிறகு, சில்லறை மளிகைக் கடைக்காரர்களும் சொந்த வண்டியில் மார்க்கெட்டுக்குப் போய்வரத் தொடங்கினார்கள். டயர், டீசல், வரி, இன்சூரன்ஸ் என்று ஒவ்வொன்றுக்கும் கணக்கு எழுதும் நாம், என்ஜினுக்குள் இருக்கும் ஒரு மெல்லிய தகட்டைப் பற்றி நினைப்பதே இல்லை. பாதி வழியில் டிரைவரிடமிருந்து போன் வரும்போதுதான் 'ஹெட் கேஸ்கட்' என்ற பெயரையே பலரும் கேட்கிறோம்.

அந்தப் போனுக்கு நாம் சொல்லும் பதிலில்தான் செலவு சிறியதா பெரியதா என்பது முடிவாகிறது. கேஸ்கட் பெரிய விலையுள்ள பொருள் அல்ல. கொதித்த பிறகும் ஓட்டி வந்த தூரத்துக்குத்தான் நாம் பெரிய விலை கொடுக்கிறோம்.

கேஸ்கட் செய்யும் வேலை

என்ஜினின் அடிப்பாகம் பிளாக். அதன் மேல் மூடிபோல உட்காருவது ஹெட். இரண்டுக்கும் இடையில் இருப்பது ஹெட் கேஸ்கட். சிலிண்டரில் வெடிக்கும் வாயு, குளிரவைக்கும் தண்ணீர், ஆயில் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று கலக்காமல் காப்பது இதுதான். பெட்ரோல் என்ஜின் காற்றை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காக அழுத்துகிறது என்றால், டீசல் என்ஜின் பதினாறில் ஒரு பங்குக்கும் குறைவாக அழுத்துவது சாதாரணம். ஆகவே டீசல் வண்டியில் இந்தத் தகட்டின் மீது விழும் பாரம் அதிகம்.

கேஸ்கட் பெரும்பாலும் தானாகப் போவதில்லை. என்ஜின் சூடாகி ஹெட் வளைந்தால், அல்லது போல்ட்டுகளின் பிடி தளர்ந்தால் போகும். ரேடியேட்டர் அடைப்பு, தேய்ந்த வாட்டர் பம்ப், தளர்ந்த பெல்ட், பிடிப்பு இழந்த ரேடியேட்டர் மூடி ஆகியவையே சூட்டுக்கு மூலகாரணங்கள். உப்புத் தண்ணீரை ஊற்றி ஊற்றி ரேடியேட்டருக்குள் படிவு சேர்த்த வண்டி, சமவெளியில் ஒழுங்காகவே ஓடும். பண்ணாரியிலிருந்து திம்பம் ஏறும் 27 கொண்டை ஊசி வளைவுகளில் முழு லோடுடன் கீழ் கியரில் முனகும்போதுதான் குட்டு வெளிப்படும். வேகமில்லாததால் காற்று குறைவு. இழுவையால் சூடோ அதிகம்.

அறிகுறிகள்

வெளியே எங்கும் ஒழுகாமல் ரேடியேட்டர் தண்ணீர் குறைந்துகொண்டே போவது முதல் அறிகுறி. என்ஜின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல் வருவது, ஆயில் பால் கலந்த தேநீர்போல மாறுவது, காலையில் ஸ்டார்ட் செய்த சில நிமிடங்களிலேயே ரேடியேட்டர் ஓஸ் கல்போல இறுகுவது, தண்ணீரில் விடாமல் குமிழி வருவது ஆகியவை அடுத்தடுத்தவை. எல்லாம் ஒரே வண்டியில் தெரிய வேண்டும் என்பதில்லை. எந்த இடத்தில் கேஸ்கட் கிழிந்ததோ அதற்கேற்ற அறிகுறிதான் தெரியும்.

வழியில் நேர்ந்தால்

சூட்டு முள் ஏறினால் டிரைவர் கியரைக் குறைத்து, பாரம் குறையும்படி ஓட்டிப் பார்க்கலாம். முள் இறங்கவில்லை என்றால் பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்ட வேண்டும். தண்ணீர் கொட்டிவிட்டது தெரிந்தால் உடனே என்ஜினை அணைக்க வேண்டும். கொதிக்கும் ரேடியேட்டரின் மூடியைத் திறக்கக் கூடாது. அழுத்தத்தில் அடைபட்டிருக்கும் வெந்நீர் முகத்தில் பீறிட்டு அடிக்கும். காய்ந்துபோன என்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றவும் கூடாது; ஹெட் விரிசல் விடலாம்.

ஆறிய பிறகு 'ஒருமுறை ஸ்டார்ட் செய்து பார்க்கிறேன்' என்பதும் ஆபத்தே. கிழிந்த கேஸ்கட் வழியாகச் சிலிண்டருக்குள் தண்ணீர் இறங்கியிருந்தால், அது காற்றைப்போல அழுந்தாது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அடுத்த ஊர் வரை எப்படியாவது தள்ளிப் போகலாம் என்று ஓட்டினால், ஹெட் வளைவதில் தொடங்கிப் பிஸ்டன் பிடித்துக்கொள்வதில் போய் முடியும்.

ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள் தூளைப் போடும் பழைய கைவைத்தியம் நமக்குத் தெரியும். தூள் நம் கடையிலேயே இருக்கிறது. ஆனால் வெடிக்கும் வாயு கிழித்த இடத்தை மஞ்சள் தூளும் அடைக்காது, டப்பாவில் விற்கும் ஒழுக்கடைப்பானும் நிலையாக அடைக்காது. ரேடியேட்டரின் நுண்குழாய்கள் அடைபடுவதுதான் மிச்சம்.

சரக்கை என்ன செய்வது

வெங்காயமும் காய்கறியும் காத்திருக்காது. மாற்று வண்டிக்கு ஏற்பாடு செய்வதே முறை. மாற்றி ஏற்றினால், வண்டி புறப்படும் முன்பே ஈ-வே பில்லின் 'பி' பகுதியில் புதிய வண்டி எண்ணைப் பதிந்துவிட வேண்டும். 2021 ஜனவரி முதல் சாதாரணச் சரக்குக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்பது பில்லின் ஆயுள். வழியில் தாமதமானால், கெடு முடிவதற்கு 8 மணி நேரம் முன்பிருந்து, முடிந்து 8 மணி நேரம் வரை காரணம் காட்டி நீட்டிக்கலாம். ஏற்று கூலியும் மாற்று வண்டி வாடகையும் கசக்கத்தான் செய்யும். ஆனாலும் அது ஒரு நடையோடு போகும் நஷ்டம். வழக்கமான மோட்டார் இன்சூரன்ஸ் பாலிசியில் இயந்திரப் பழுதுக்கு இழப்பீடு கிடையாது என்பதால், என்ஜின் செலவு முழுவதும் நம் கல்லாவிலிருந்துதான் போகும்.

பட்டறையில் கேட்க வேண்டியவை

முதலில், பழுது கேஸ்கட்டில்தான் என்பது உறுதியா என்று கேட்க வேண்டும். ஏர் பிரேக் உள்ள லாரிகளில் தண்ணீரால் குளிர்விக்கப்படும் ஏர் கம்ப்ரஸரின் கேஸ்கட் போனாலும் ரேடியேட்டரில் குமிழி வரும். ஆயில் கூலர் ஓட்டையானாலும் ஆயிலும் தண்ணீரும் கலக்கும். புதிய வண்டிகளில் புகையைத் திருப்பி அனுப்பும் இ.ஜி.ஆர். கூலர் ஓட்டையானால் தண்ணீர் குறையும், வெள்ளைப் புகையும் வரலாம். ரேடியேட்டர் வாயில் நீலத் திரவக் குழாயை வைத்து, புகை வாயு கலந்திருந்தால் நிறம் மாறுவதைக் காட்டும் சோதனை இருக்கிறது. தண்ணீர்ச் சுற்றை அழுத்தம் ஏற்றிப் பார்க்கும் சோதனையும் உண்டு. ஹெட்டை இறக்கும் முன் இவற்றைச் செய்யச் சொல்வது நம் உரிமை.

ஹெட்டை இறக்கிய பிறகு கவனிக்க வேண்டியவை இவை:

1. ஹெட் வளைந்திருக்கிறதா என்று நேர்கோலும் ஃபீலர் கேஜும் வைத்துப் பார்க்க வேண்டும். விரிசலும் சோதிக்க வேண்டும். லேத் பட்டறையில் முகம் இழைப்பதற்கும் கம்பெனி விதித்த அளவு உண்டு. அதைத் தாண்டி இழைத்த ஹெட் உதவாது.

2. லைனர் உள்ள என்ஜினில், பிளாக்கின் மேல் லைனர் எவ்வளவு எழும்பி நிற்கிறது என்று அளக்க வேண்டும். தாழ்ந்திருந்தால் புதுக் கேஸ்கட்டும் நிற்காது.

3. சில என்ஜின்களுக்குக் கேஸ்கட் இரண்டு மூன்று கனங்களில் வருகிறது. பிஸ்டன் எழும்பும் அளவைப் பார்த்துச் சரியான கனத்தைப் போட வேண்டும்.

4. போல்ட்டுக் குழிகளில் ஆயிலோ தண்ணீரோ இருக்கக் கூடாது. டார்க் ரெஞ்ச் கொண்டு, கம்பெனி சொன்ன வரிசையில், படிப்படியாக முடுக்க வேண்டும். ஒரே முறைதான் பயன்படும் போல்ட்டு என்றால் புதிது வாங்கித் தர வேண்டும்.

5. ஆயில், ஃபில்டர், கூலண்ட் மூன்றையும் மாற்ற வேண்டும்.

6. 'சூடு வராமலிருக்க' என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட அனுமதிக்கக் கூடாது. என்ஜின் தேவையான சூட்டுக்கு வராமல் டீசலைக் கூடுதலாகக் குடிக்கும், தேய்மானமும் கூடும். சில என்ஜின்களில் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கு வழியில் சுற்றி, சூடு இன்னும் ஏறும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வண்டி ஏன் சூடானது என்ற கேள்விக்குப் பதில் கிடைக்காமல் வண்டியை எடுக்கக் கூடாது. காரணத்தை விட்டுவிட்டுக் கேஸ்கட்டை மட்டும் மாற்றினால், அதே வேலைக்கு மறுபடியும் கூலி கொடுக்க நேரும்.

டிரைவருக்கு நாம் சொல்ல வேண்டியது

முள் ஏறுவதை முதலில் பார்ப்பவர் டிரைவர். நிறுத்தினால் முதலாளி திட்டுவார், தாமதத்துக்குப் படியைக் குறைப்பார் என்ற பயம் இருந்தால், அவர் ஓட்டிக்கொண்டே வருவார். 'எப்படியாவது கொண்டு வந்து சேர்த்துவிடு' என்று நாம் போனில் சொல்லும் வார்த்தை, அந்த நேரத்தில் என்ஜினுக்கு எழுதும் மரண ஓலை. மாறாக, 'முள் ஏறினால் கேட்காமலே நிறுத்தலாம். நிறுத்திய நேரத்துக்கும் படி உண்டு' என்று முன்கூட்டியே சொல்லி வைப்போம். தினமும் காலையில், என்ஜின் ஆறியிருக்கும்போது, தண்ணீரும் ஆயிலும் பார்த்து ஒரு நோட்டில் குறிக்கச் சொல்வோம். தண்ணீர் ஒரு வாரம் தொடர்ந்து குறைந்தால் அது நோட்டில் தெரிந்துவிடும். வண்டி மலையேறும் முன்பே பட்டறைக்கு அனுப்பலாம்.