பழைய புகைவண்டிப் படங்களும் அவற்றைப் பகிர்ந்துகொள்வோரும்

ஒரு நாட்டின் வரலாறு கல்வெட்டிலும் செப்பேட்டிலும் அரசாங்கக் கடிதக் கட்டுகளிலும் மட்டும் அடங்கியிருப்பதன்று என்பதை இக்கால வரலாற்றாசிரியர் யாவரும் ஒப்புவர். ஆயினும் புகைவண்டியின் புகைப்படத்தை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளலாம் என்று கூறினால், நம்மவருட் பலர் முறுவலிப்பர். அதுவும், அரசர் ஏறிய வண்டியோ திறப்புவிழாக் கண்ட வண்டியோ அன்று. நாள்தோறும் காலையிற் புறப்பட்டு மாலையில் திரும்பும் சாதாரண வண்டியின் படம். இத்தகைய படங்களைத் தேடித் திரட்டித் தம்முட் பரிமாறிக்கொள்ளும் அன்பர் கூட்டம் ஒன்று பிரித்தானியாவில் நூறாண்டுக்கு மேலாக இருந்துவருகின்றது. அவர்தம் முறைகளை விளக்குவதும், அவற்றால் யட்டியாந்தோட்டை போன்ற ஒரு மூலையிலுள்ளார்க்கு விளையும் பயனை ஆராய்வதுமே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிரித்தானியாவிற் புகைவண்டியைப் படம்பிடிக்கும் ஆர்வம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே வேரூன்றிவிட்டது. அக்காலத்துக் கண்ணாடித் தகடுகள் ஒளியை மெல்ல ஏற்பவை. ஓடும் வண்டியைப் பிடித்தால் அது பனிமூட்டம் போலக் கலங்கித் தோன்றும். ஆகவே தொடக்ககாலப் படங்களிற் பெரும்பாலானவை நின்றுகொண்டிருக்கும் இயந்திரங்களின் படங்களே. பின்னர்த் தகடுகள் விரைவுபெற்றன, கருவியும் கைக்கடக்கமாயிற்று. 1900ஆம் ஆண்டிற் கொடாக் கம்பனியார் வெளியிட்ட பிரௌனி என்னும் பெட்டிக்கருவி ஐந்து சிலிங்குக்கு விற்கப்பட்டமையால், எழுதுவினைஞரும் பள்ளி மாணவரும்கூடப் படம்பிடிக்கத் தலைப்பட்டனர்.

1922ஆம் ஆண்டில் மொரிஸ் ஏர்லி என்பார் புகையிரதப் படப்பிடிப்பாளர் கழகம் ஒன்றைத் தோற்றுவித்தார். உறுப்பினர் தாம் எடுத்த படங்களை அனுப்புவர். அவை ஒரு கட்டாகச் சேர்க்கப்பட்டு அஞ்சல்மூலம் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குச் செல்லும். ஒவ்வொருவரும் பார்த்துத் தம் கருத்தை எழுதி அடுத்தவருக்கு அனுப்புவர். நம் ஊர்ப்புறத்திற் கையெழுத்துச் சஞ்சிகை வீடு வீடாகச் சுற்றிவருவதை அறிந்தோர்க்கு இம்முறை புதிதாகத் தோன்றாது. ஒளி எப்பக்கத்திலிருந்து விழவேண்டும், வண்டி எக்கோணத்தில் வரவேண்டும், சக்கரங்களை இணைக்கும் தண்டு கீழே தாழ்ந்திருக்கும் கணத்திற் பிடித்தலே அழகு என்றெல்லாம் இவ்வன்பரிடையே எழுதாச் சட்டங்கள் வளர்ந்தன. வேக்பீல்ட் நகரின் மேற்றிராணியாராக விளங்கிய எரிக் டிரேசி (1907–1978) இத்துறையில் ஒரு பெருங்கலைஞர். 1978ஆம் ஆண்டில் ஆப்பிள்பி நிலையத்தில் நீராவி வண்டி ஒன்றை எதிர்நோக்கியிருந்தபோதே உயிர்நீத்தார்.

எனினும் யான் பெரிதும் போற்றுவது அழகுத்திறத்தையன்று, ஹெச். ஸி. கஸ்ஸர்லி (1903–1991) போன்றோரின் பொறுமையை. அவர் விரைவுவண்டிகளை மட்டும் நாடாது, கிளைப்பாதைகளில் இரண்டு பெட்டிகளை இழுத்துச் சென்ற சிறிய இயந்திரங்களையும், பாசிபடர்ந்த பழம் நிலையங்களையும் பல்லாண்டுகளாகப் படம்பிடித்தார். அன்று அவை அற்பமாகத் தோன்றின. 1963இல் பீச்சிங் பிரபுவின் அறிக்கை 2000க்கும் மேற்பட்ட நிலையங்களை மூடிவிடலாமெனப் பரிந்துரைத்தது. 1968 ஆகஸ்ட் 11இற் பிரித்தானியப் பெரும்பாதைகளில் நீராவிப் பயணிவண்டிச் சேவை முற்றுப்பெற்றது. அதன்பின்னரே அற்பமென்று எண்ணப்பட்ட படங்கள் அரும்பொருளாயின. விரைவுவண்டிகளின் படங்களோ தேவைக்கு மிகுதியாகக் கிடந்தன.

இனி, ஒரு படத்தின் காலத்தை இவர்கள் எங்ஙனம் கணிக்கின்றனர் என்பது மாணவர் அறியத்தக்கது. பிரித்தானியாவில் 1923ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் நூற்றுக்கு மேற்பட்ட கம்பனிகள் நான்காக இணைக்கப்பட்டன. 1948 சனவரி முதல்நாள் அந்நான்கும் அரசுடைமையாயின. 1956இல் இயந்திரத்தின் பக்கவாட்டிலுள்ள சிங்க இலச்சினை மாற்றப்பட்டது. அதே ஆண்டில் மூன்றாம் வகுப்பு என்னும் பெயர் நீங்கி இரண்டாம் வகுப்பு என்றாயிற்று. எனவே பெட்டியின் கதவிலுள்ள இலக்கத்தையும் இயந்திரத்தின்மீதுள்ள எழுத்தையும் நோக்கினாற் காலம் ஏறத்தாழப் புலப்படும்.

இலங்கையில் இந்த வசதி இல்லை. 1864 திசம்பர் 27ஆம் நாள் கொழும்பிலிருந்து அம்பேபுசைக்கு முதல் வண்டி ஓடிய நாள்தொட்டே எமது புகையிரதம் அரசாங்கத்தின் உடைமை. கம்பனி மாறவில்லை, எழுத்தும் நெடுங்காலம் மாறவில்லை. ஆகவே இங்கே வேறு தடயங்களைத் தேடவேண்டியிருக்கின்றது. அத்தடயங்கள் இயந்திரத்தில் இல்லை என்பதை யான் அறிந்துகொண்டது பிற்காலத்திலேதான்.

எமது களனிப் பள்ளத்தாக்குப் பாதை 2 அடி 6 அங்குல அகலமுடைய ஒடுங்கிய பாதை. ஏனைய பெரும்பாதைகள் 5 அடி 6 அங்குலம். அதற்கு முன்னர் இப்பகுதித் தோட்டங்களின் விளைபொருள் மாட்டுவண்டியிலும் களனியாற்றில் மிதந்த சரக்குத் தோணிகளிலுமே கொழும்பை அடைந்தது. 1900ஆம் ஆண்டளவில் வேலை தொடங்கி, 1902இல் அவிசாவளைக்கும் 1903இல் யட்டியாந்தோட்டைக்கும் பாதை திறக்கப்பட்டது. கிளாஸ்கோ நகரத்து ஷார்ப் ஸ்டூவர்ட் தொழிற்சாலையிற் செய்யப்பட்ட இயந்திரங்கள் தெகியோவிட்டை, கரவனல்லை வழியாக இவ்வூருக்கு வந்தன. இரத்தினபுரிக்கு 1912இலும், ஓப்பநாயக்கைக்கு 1919இலும் மற்றைக் கிளை நீண்டது. யட்டியாந்தோட்டைக் கிளையோ 1942இல், போரின் நடுவே, மூடப்பட்டது. ஓப்பநாயக்கை வரையிலான பாதையும் 1970களில் மறைந்தது. எஞ்சிய அவிசாவளைப் பாதை 1990களில் அகலப்படுத்தப்பட்டு இன்றும் பயன்படுகின்றது. ஏறத்தாழ நாற்பதாண்டுகள் நாள்தோறும் வந்துசென்ற ஒரு வண்டியின் படம் இவ்வூரில் எவர் வீட்டுச் சுவரிலும் தொங்கக் கண்டிலேன்.

இதிலே ஒரு வேடிக்கை உண்டு. இவ்வூருக்கு மேற்புறத்திலுள்ள கித்துல்கலையில் டேவிட் லீன் என்னும் நெறியாளர் குவாய் நதிப் பாலம் பற்றிய திரைப்படத்தை எடுத்தார். 1957இல் வெளிவந்த அப்படத்திற் பாலத்தோடு ஒரு புகைவண்டியும் ஆற்றில் வீழ்கின்றது. கித்துல்கலைக்கு இருப்புப்பாதை ஒருபோதும் சென்றதில்லை. ஓடாத வண்டியின் படத்தை உலகமெல்லாம் கண்டது. ஓடிய வண்டியின் படத்தைக் காண்பது அரிதாயிற்று. இன்னும் ஒன்று: அத்திரைப்படம் கூறும் சயாம்–பர்மாப் பாதையை அமைக்கையில், மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் மாண்டனர். கதையோ போர்க்கைதிகளான படைவீரரையே சுற்றிச் சுழல்கின்றது.

சில ஆண்டுகளுக்கு முன்னர், பிரித்தானியாவிலுள்ள ஆர்வலர் ஒருவரோடு எனக்குக் கடிதத் தொடர்பு ஏற்பட்டது. யான் கொழும்புப் பழம்பொருட் கடையொன்றில் வாங்கிய அஞ்சலட்டைப் படங்களின் பிரதிகளை அவருக்கு அனுப்பினேன். அவர் தம்மிடமுள்ள இலங்கைப் படங்களுட் சிலவற்றின் பிரதிகளை எனக்கு அனுப்பினார். அவற்றுள் ஒன்று களனிப் பள்ளத்தாக்கு வண்டியின் படம். நடுவே இயந்திரம் கம்பீரமாக நிற்கின்றது. பின்னே சரிவிலே மரங்கள். '1938 ஆகஸ்ட் 2' எனப் பின்புறத்திற் குறிக்கப்பட்டிருந்தது. எந்த நிலையம் என்ற குறிப்பு இல்லை.

அப்படத்தை எட்டாம் வகுப்பு மாணவர்க்குக் காட்டினேன். இயந்திரத்தைப்பற்றி யான் விரிவாக எடுத்துரைத்துக்கொண்டிருக்க, பால்வெட்டும் தொழிலாளி ஒருவரின் மகள் எழுந்து, "சேர், இது ஆகஸ்ட் மாசம் இல்ல. றப்பர் மரத்துல எல இல்லையே" என்றாள். யான் படத்தை மீண்டும் நோக்கினேன். பின்னேயுள்ள மரங்கள் கிளைமட்டுமாக நின்றன. எம்பகுதியில் றப்பர் இலையுதிர்வது தை, மாசி மாதங்களில்; ஆகஸ்டில் மரம் அடர்ந்து நிற்கும். இருபதாண்டுகளாக அதே மரங்களின் நிழலில் நடந்து பள்ளிக்குச் செல்லும் எனக்கு இது தோன்றாமற் போனது குறித்துச் சற்று நாணமுற்றேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

இதனை அவ்வன்பருக்கு எழுதினேன். அவர் சினவாது, மகிழ்ந்து, மூலப்படச்சுருள் இருந்த உறையைத் தேடிப் பார்த்தார். அது ஓர் அமெரிக்கச் சேகரிப்பாளரிடமிருந்து வந்தது. உறையின்மீது இரண்டு, எட்டு, முப்பத்தெட்டு என்னும் எண்களே காணப்பட்டன. ஆங்கிலேயர் நாளை முன்னும் மாதத்தைப் பின்னும் எழுதுவர். அமெரிக்கர் மாதத்தை முன்வைப்பர். எனவே அது பெப்ரவரி எட்டாம் நாளாதல் வேண்டும். தம் குறிப்பைத் திருத்திக்கொண்டதோடு, அம்மாணவியின் பெயரைக் கேட்டு, அவளுக்கென ஒரு பிரதியையும் அனுப்பினார்.

அப்பிரதியே எனக்குப் பெரும் வியப்பைத் தந்தது. முன்னர் அனுப்பியது, இயந்திரம் நடுவில் அமையுமாறு ஓரங்கள் வெட்டப்பட்டது. இதுவோ சுருளின் முழுமையான பதிவு. இடப்புறத்தே, வெட்டப்பட்டிருந்த பகுதியில், ஒன்பது பேர் நிற்கின்றனர். நால்வர் பெண்கள், ஒருத்தியின் இடுப்பிற் குழந்தை. தகரப்பெட்டி ஒன்றும் துணிமூட்டைகளும் கீழே கிடக்கின்றன. தலைப்பாகையும் கோட்டும் அணிந்த ஒருவர் கமராவை நேராக நோக்குகின்றார். படம்பிடித்தவர்க்கு அவர்கள் தற்செயலாக வந்து விழுந்த இடையூறு. இயந்திர ஆர்வலர் அவர்களை வெட்டியதிற் குற்றங்காண முடியாது. அவர் தேடியது அதுவன்று.

தொண்ணூறு வயதைக் கடந்த மூதாட்டி ஒருவரிடம் இப்படத்தைக் காட்டினேன். சிறுவயதிற் கோச்சி வருவதைக் கண்டவர் அவர். நெடுநேரம் படத்தைக் கண்ணருகே பிடித்திருந்தார். "கோட்டுப் போட்டவரு பெரிய கங்காணியாத்தான் இருப்பாரு தம்பி. ஆனா இன்ன தோட்டம்னு எப்புடிச் சொல்றது? அப்ப எல்லாக் கங்காணியும் இப்புடித்தான் கோட்டுப் போடுவாங்க" என்றார். பிறகு, குழந்தையைச் சுட்டி, அது ஆணா பெண்ணா என்று என்னைக் கேட்டார். ஓய்வுபெற்ற புகையிரத உத்தியோகத்தர் ஒருவர் இது அவிசாவளை என உறுதியாகக் கூறுகின்றார். பின்னேயுள்ள சரிவை நோக்கி யான் கரவனல்லை என்கின்றேன். வழக்கு இன்னும் தீரவில்லை.

கல்லூரி ஆசிரியர்க்கு யான் நினைவூட்ட வேண்டுவது ஒன்று. 1887இற் கலித்தொகையை அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள், ஊர்தோறும் ஏடு தேடி, பிரதியோடு பிரதியை ஒப்புநோக்கிப் பாடங்கண்டார். படத்திற்கும் பாடபேதம் உண்டு. ஓரம் வெட்டிய பிரதியும் வெட்டாத பிரதியும் இரு வேறு ஏடுகள். பின்புறக் குறிப்பு ஓர் ஏடெழுதுவோனின் கைப்பிழைக்கு உட்பட்டது. ஏட்டுக்கு நேர்ந்த அழிவே படத்துக்கும் நேர்கின்றது. எம்மவரிடம் அது விரைந்து நேர்ந்தது.

1949ஆம் ஆண்டின் இந்திய, பாக்கிஸ்தானிய வதிவோர் பிரசாவுரிமைச் சட்டத்தின்படி, மணமானோர் ஏழாண்டும் மணமாகாதோர் பத்தாண்டும் இடையறாது இந்நாட்டில் வாழ்ந்ததை நிறுவவேண்டியிருந்தது. காகிதமே வாழ்வு எனும் நிலை அன்று தோன்றியது. காகிதம் இல்லாதோர் பலர். 1964 ஒக்டோபர் 30இற் செய்யப்பட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தினால் 5,25,000 பேர் இந்தியா செல்லவும் 3,00,000 பேர் இங்கே குடியுரிமை பெறவும் தீர்மானிக்கப்பட்டது. சென்றவர்களைத் தலைமன்னாருக்கு ஏற்றிச் சென்ற வண்டியை மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்றனர். அவ்வண்டியும் இயந்திர ஆர்வலர் கண்ணுக்கு அன்றாட வண்டியே. பெட்டியிற் போன குடும்பப் படங்கள் கோவையிலும் நீலகிரியிலும் கிடக்கலாம். 1977இலும் 1983இலும் எரிந்த வீடுகளோடு எரிந்தவை மீளா.

ஆகவே பழைய மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். உங்கள் இல்லங்களிற் புகைவண்டியோ, நிலையமோ, பாதையோரமோ தோன்றும் பழம்படம் இருப்பின், அதனைக் கழற்றவும் ஒட்டவும் முயலாது, உள்ளவாறே ஒரு பிரதி எடுத்து அனுப்பியுதவுங்கள். உறவினர் நிற்க, வண்டி ஓரத்தில் ஒரு சக்கரமாக மட்டும் தெரியினும் போதும். ஓரத்தை வெட்டாதீர். பின்புறத்தில் யாதேனும் எழுதியிருப்பின் அதனையும் பிரதி செய்க. புதிதாக எழுதவேண்டின் மைப்பேனையால் அன்றி மென்மையான பென்சிலால், ஓரத்தில், அழுத்தாது எழுதுக. படத்திலுள்ளாரை அறிந்த மூத்தோர் இருப்பின், அவர் கூறுவதை அவர் சொற்படியே எழுதி, எழுதிய நாளையும் குறிக்க: மாதத்தின் பெயரை எண்ணாலன்றி எழுத்தாலேயே குறித்தல் நலம். மூலப்படத்தை எவருக்கும் அஞ்சலில் அனுப்பவேண்டாம், எனக்கும் வேண்டாம்.