மெக்கறி ஜெயித்தது, செயலி ஜெயிக்குமா?

கோலாலம்பூர் ஜாலான் ஈப்போவில் 1999இல் திறந்த ஒரு கறிக்கடை, தன் பெயருக்காக எட்டு ஆண்டுகள் நீதிமன்றப் படியேறியது. கடையின் பெயர் மெக்கறி. ‘மெக்’ எங்கள் சொத்து என்று 2001இல் மெக்டொனால்ட்ஸ் வழக்குப் போட்டது. ‘மலேசியன் சிக்கன் கறி’யின் சுருக்கம்தான் அது என்றார்கள் கடைக்காரர்கள். 2006இல் உயர்நீதிமன்றத்தில் தோல்வி. 2009 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைப் புரட்டிப் போட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் கூட்டரசு நீதிமன்றமும் மெக்டொனால்ட்ஸின் மனுவைத் தள்ளி, 10,000 ரிங்கிட் செலவுத்தொகை கட்டச் சொன்னது.

நம்மவர்கள் இன்றும் நெஞ்சு நிமிர்த்திச் சொல்லும் வெற்றி இது. ஆனால் மலாக்காவில் செங் பக்கம் தாமான் வீட்டில் உட்கார்ந்து சாப்பாட்டுக்கடைகளுக்குச் செயலி எழுதும் இளைஞர், இதை நம்பிப் பெரிய நிறுவனத்தின் பெயரை ஒட்டி ஒரு பெயர் வைத்தால் மாட்டிக்கொள்வார். மெக்கறிக்குக் கைகொடுத்தது அந்தக் கடையேதான். பெயர்ப்பலகையில் சிரித்தபடி கட்டைவிரல் உயர்த்தும் கோழி. உள்ளே மீன்தலைக் கறி, ரொட்டி சானாய். பர்கர் கடை என்று நினைத்து யாரும் நுழைய வழியில்லை. செயலிக்கு அந்த வாசனை ஏது? கைப்பேசித் திரையில் போட்டியாளருக்குப் பக்கத்திலேயே, விரல்நகம் அளவுப் படமும் பெயருமாக நிற்கிறது. பெயர் குழப்பினால் எல்லாமே குழப்பம்தான்.

ஃபயர்ஃபாக்ஸ் உலாவியே இரண்டு முறை பெயர் மாறியது. 2002இல் ஃபீனிக்ஸ். அந்தப் பெயரில் ஏற்கெனவே ஃபீனிக்ஸ் டெக்னாலஜிஸ் நிறுவனம் இருந்ததால் 2003இல் ஃபயர்பேர்ட் ஆனது. ஃபயர்பேர்ட் என்ற தரவுத்தளத் திட்டத்தினர் கொதித்தெழ, 2004 பிப்ரவரியில் ஃபயர்ஃபாக்ஸ். பணபலம் உள்ளவர்களும் தப்பவில்லை. பிரிட்டனில் ஸ்கை தொலைக்காட்சி நிறுவனம் தொடுத்த வழக்கில் 2013இல் தோற்ற மைக்ரோசாஃப்ட், அடுத்த ஆண்டு ஸ்கைடிரைவ் என்ற தன் சேமிப்புச் சேவையை ஒன்டிரைவ் ஆக்கியது.

நம் ஊரில் அடிக்கடி காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு: “எஸ்.எஸ்.எம்.மில் பதிஞ்சாச்சு, பேரு நம்மளுது.” எஸ்.எஸ்.எம். எனப்படும் நிறுவனங்கள் ஆணையத்தில் செய்வது வியாபாரப் பதிவு மட்டுமே, வணிகமுத்திரை உரிமை ஆகாது. முத்திரைக்குப் போக வேண்டிய இடம் மைஐபிஓ எனப்படும் அறிவுசார் சொத்துடைமைக் கழகம். 2019ஆம் ஆண்டு வணிகமுத்திரைச் சட்டப்படி பதிவு 10 ஆண்டுகள் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். இறக்கிக்கொள்ளும் மென்பொருள் 9ஆம் வகுப்பு, இணையம்வழிச் சேவையாகத் தரும் மென்பொருள் 42ஆம் வகுப்பு. இரண்டிலும் முதலில் தேடிப் பார்க்க வேண்டும். பதிவேடு காலியாக இருந்தாலும் நிம்மதி வேண்டாம்: பதியாமலே பெயர் சம்பாதித்தவரும் வழக்குப் போடலாம். மெக்கறி மீது வந்ததே, பிறர் பெயரைக் காட்டித் தன் சரக்கை விற்றதாகச் சொல்லும் அந்த வகை வழக்குதான். ஆகவே செயலிக் கடைகள், இணையதளப் பெயர்கள், கிட்ஹப் எல்லாவற்றையும் துழாவுங்கள். எழுத்து மட்டுமல்ல, உச்சரிப்பும் ஒத்துப்போகிறதா பாருங்கள்.

சாப்பாட்டுச் செயலிக்கு ‘மலாக்கா மக்கான்’ போலப் பெயர் வைத்தால் வேறு சிக்கல். ஊரையும் சரக்கையும் அப்படியே சொல்லும் பெயருக்குப் பதிவு கிடைப்பது கடினம். பொருளோடு ஒட்டாத பெயரே என் கட்சி.

திறந்த மூலநிரலை எடுத்து வேலை செய்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். நிரல் இலவசமாக வந்தாலும் பெயர் கூடவே வராது. ஃபயர்ஃபாக்ஸ் நிரலைத் தாராளமாகப் பயன்படுத்திய டெபியன் இயங்குதளக் குழுவினர், பெயர் விஷயத்தில் அந்த உலாவியை உருவாக்கும் மொசில்லாவோடு ஒத்துப்போகாமல் 2006இல் அதை ஐஸ்வீசல் என்று மாற்றினார்கள். பழைய பெயருக்குத் திரும்ப 2016 ஆனது.