வாசலில் தொங்கும் பலகை

சிங்கப்பூரில் வாழும் நம்மவர் இல்லங்களுக்கு விடுமுறையில் விருந்தினராகச் செல்வோர், பிள்ளைகள் ஆசையோடு அழைத்துச் செல்லும் உணவகங்களைக் கண்டு திகைப்பது வழக்கம். இடியாப்பமும் ஆணமும் உண்டு வளர்ந்த குடும்பங்களில் இளைய தலைமுறையினர் சீன நூடுல்ஸையும் ஜப்பானிய சுஷியையும் பெயர் சொல்லிக் கேட்கின்றனர். கேட்பதில் தவறில்லை. சோறும் மீனும் காய்கறியும் எந்நாட்டுக் கைப்பக்குவத்தில் வெந்தாலும் அல்லாஹ்வின் அருட்கொடையே. எந்தக் கடையில், எதைச் சேர்த்துச் சமைத்ததை உண்கிறோம் என்பதில் கவனம் வேண்டும், அவ்வளவுதான்.

அங்குள்ள சில உணவகங்களின் வாசலில் ஓர் அறிவிப்பைக் காணலாம்: பன்றி இறைச்சி இல்லை, பன்றிக் கொழுப்பும் இல்லை. இதைப் படித்ததுமே நிம்மதியாக உள்ளே நுழைந்துவிடுவோர் உண்டு. அறிவிப்பு பொய்யன்று, ஆனால் அது சொல்லாமல் விட்டவை பல. கோழி எப்படி அறுக்கப்பட்டது? வாணலியில் சமையல் மது ஊற்றினார்களா? இவற்றுக்கு அந்தப் பலகையில் விடையில்லை.

சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றமான 'முயிஸ்' 1968இல் தோற்றுவிக்கப்பட்டது. 1978 முதல் ஹலால் சான்றிதழ் வழங்கி வருகிறது. சான்றிதழ் பெற்ற உணவகத்தின் சமையலறைக்குள் ஹலால் அல்லாத பொருள் எதுவும் வரக்கூடாது. ஒரு கிளைக்குக் கிடைத்த சான்றிதழ் அதே பெயருள்ள மற்றொரு கிளைக்குச் செல்லாது. ஆகவே கடையின் பெயரை மட்டும் நம்பாமல், சான்றிதழில் உள்ள முகவரியையும் முடிவடையும் தேதியையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். கடைக்காரர் கோபித்துக்கொள்வாரோ என்ற கூச்சம் தேவையில்லை. நாலுபேர் பார்க்கட்டும் என்றுதானே அதைக் கண்ணாடிச் சட்டமிட்டு மாட்டியிருக்கிறார்!

சீன உணவு என்றாலே பன்றி என்று ஒதுக்கிவிடும் பெரியவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அதற்குக் காரணம் இல்லாமலில்லை. சீன மொழியில் வெறுமனே இறைச்சி என்று சொன்னால் பெரும்பாலும் பன்றி இறைச்சியையே குறிக்கும். ஆடு, மாடு என்றால் அதன் பெயரைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆயினும் அதே சீனாவில் ஹுயி இனத்து முஸ்லிம்கள் மட்டுமே ஒரு கோடிக்கு மேல் வாழ்கிறார்கள் என்பதையும், அவர்களுக்கென்று நூற்றாண்டுகள் பழமையான சமையல் மரபு உண்டு என்பதையும் நாம் மறந்துவிடுகிறோம். அவர்கள் ஹலாலுக்கு வழங்கும் சொல் 'சிங்சென்'. தூய்மை, உண்மை என்னும் இரு எழுத்துகள் சேர்ந்த சொல் அது.

இம்மரபின் புகழ்பெற்ற உணவு, கான்சு மாநிலத்து லான்சோ நகரின் மாட்டிறைச்சி நூடுல்ஸ். மா பாவோசி என்ற ஹுயி முஸ்லிம் 1915இல் இதற்கு இன்றைய வடிவம் தந்தார் என்று அந்நகரத்தார் பெருமையுடன் கூறுகின்றனர். மாவுடன் பாலைநிலச் செடி ஒன்றைச் சுட்டெடுத்த சாம்பற்காரத்தைச் சேர்த்துப் பிசைவது பழைய முறை. பிசைந்த மாவை இரு கைகளாலும் இழுத்து, மடித்து, மீண்டும் இழுப்பார்கள். மடிப்புக்கு மடிப்பு இழைகள் இரட்டிக்கும்; எட்டு மடிப்பில் 256 இழைகள்! கத்தியும் இல்லை, அச்சும் இல்லை. நம் வீட்டுப் பெண்கள் இடியாப்ப உரலை அழுத்தி அழுத்திக் கை சலிப்பதை நினைத்துக்கொண்டுதான் இதை வேடிக்கை பார்க்க வேண்டும். மயிரிழை போல வேண்டுமா, பட்டையாக வேண்டுமா என்று உண்பவரைக் கேட்டே இழுப்பார்கள். தெளிந்த சாறு, வெள்ளை முள்ளங்கி, சிவந்த மிளகாய் எண்ணெய், பச்சைக் கொத்தமல்லி, மஞ்சள் நூடுல்ஸ் ஆகிய ஐந்து நிறங்களும் ஒரே கிண்ணத்தில் விளங்க வேண்டுமென்பது அவர்கள் இலக்கணம்.

சியான் நகரத்து முஸ்லிம் வீதியில் ஆட்டிறைச்சிச் சாறு இதைவிட வேடிக்கையானது. கெட்டி ரொட்டியை உண்பவரே கடலையளவு துண்டுகளாகப் பிய்த்துக் கிண்ணத்திலிட்டுக் கொடுக்க, சமையற்காரர் அதைச் சாற்றில் கொதிக்க வைத்துத் தருவார். பொறுமையில்லாதவருக்கு அந்த உணவு ஏற்றதன்று.

சீனத்துக்கே செல்பவர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். முன்பு அத்தகைய கடைகளில் அரபு எழுத்தில் 'ஹலால்' என்றிருக்கும். 2019இல் பெய்ஜிங் அதிகாரிகள் அந்த அரபு எழுத்துகளை அகற்றச் செய்தனர். எனவே 'சிங்சென்' என்னும் இரு சீன எழுத்துகளின் வடிவத்தை ஒரு தாளில் எழுதி வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வதே நல்லது. லான்சோ பெயர் தாங்கிய கடைகள் சிங்கப்பூரிலும் இருக்கின்றன. அந்தப் பெயரே சான்றிதழ் ஆகிவிடாது.

ஜப்பானிய உணவின் சங்கதி வேறு. அது மீனையும் சோற்றையும் சோயாவையும் முதன்மையாகக் கொண்டது. கி.பி. 675இலேயே தென்மு பேரரசர் மாடு, குதிரை, கோழி முதலியவற்றின் இறைச்சிக்குத் தடை விதித்தார். 1872இல் மெய்ஜி பேரரசர் மாட்டிறைச்சி உண்ட பிறகே அது பரவலாயிற்று. ஆகவே மீன்தானே என்று நாம் அசட்டையாக இருந்துவிடுகிறோம். அங்கேதான் ஏமாந்துபோகிறோம்.

என் தங்கை மகள் சிங்கப்பூரில் பணிபுரிகிறாள். அலுவலகத்துக்கு அருகில் ஓர் உணவகத்தில் வாரந்தோறும் தெரியாக்கி சால்மன் மீன் உண்டு வந்தாள். ஒருநாள் என்னையும் அழைத்துச் சென்றாள். பன்றி இல்லை என்று பணியாளர் உறுதி கூறினார். "இந்தப் பளபளப்பு எதனால் வருகிறது?" என்று நான் கேட்டதும், அவர் உள்ளே சென்று ஒரு புட்டியை மகிழ்ச்சியோடு எடுத்து வந்து காட்டினார். அது மிரின். ஏறத்தாழ 14 விழுக்காடு மது கொண்ட இனிப்புச் சாராயம். அவர் எதையும் மறைக்கவில்லை, நாங்கள்தான் கேட்கவில்லை. "மூன்று மாதமாகச் சாப்பிட்டுவிட்டேனே மாமா!" என்று அவள் கண் கலங்கினாள். அறியாமல் நேர்ந்ததை அல்லாஹ் மன்னிப்பவன் என்று சொல்லி எழுந்து வந்தோம்.

சூடு பட்டால் மது ஆவியாகிவிடும் என்று சமாதானம் சொல்வோர் உண்டு. அது முழுவதும் ஆவியாவதில்லை என்பது ஒருபுறமிருக்க, மதுவை உணவில் சேர்ப்பதே நமக்குக் கூடாதே! ஆகவே ஜப்பானியக் கடையில் மிரின் உண்டா, 'சாகே' என்னும் அரிசி மது உண்டா என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். டெம்புராவுக்குத் தொட்டுக்கொள்ளும் சாறிலும் மிரின் இருக்கும். 'தொன்' என்று தொடங்கும் தொன்கொட்சு, தொன்கட்சு இரண்டும் பன்றியே. சோயா சாஸ் புளிக்கும்போது இயல்பாகத் தோன்றும் சிறிதளவு மதுவைப் பற்றி ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உள்ளது. தத்தம் ஆலிமைக் கேட்டுக்கொள்ளலாம்.

கணவாயும் ஆக்டோபஸும் வைத்த சுஷி மேசைக்கு வந்தால் நம் குடும்பங்களில் இன்னொரு வழக்கும் எழும். ஷாபிஈ மத்ஹபைச் சேர்ந்த மனைவி உண்பார். கடலில் மீனை மட்டுமே ஆகுமாக்கும் ஹனபி மத்ஹபைச் சேர்ந்த கணவர் தட்டை நகர்த்திவிடுவார். சால்மனும் சூரையும் கேட்டால் இருவருக்கும் சண்டையில்லை.

அடுத்த வாரம் தங்கை மகள் வீட்டிலேயே முயன்றாள். ஹலால் முத்திரையுள்ள சோயா சாஸ், சீனி, இஞ்சிச் சாறு மூன்றையும் கொதிக்கவிட்டு, வறுத்த மீன்மேல் ஊற்றினாள். மிரின் தரும் பளபளப்பு சீனியிலேயே வந்துவிட்டது. சற்றுக் கூடுதலாகவே இனித்தது. பிள்ளைகள் அதைப் பொருட்படுத்தவில்லை.